காலிக் கோட்டையை நடந்தே பார்க்கலாமா?

கேள்வி: தை மாதம் குடும்பத்துடன் இலங்கை செல்லவிருக்கிறோம். கடலோரத்தில் மதிலுக்குள் அமைந்த காலி நகரை இரண்டு மணி நேரத்தில் வேனிலேயே சுற்றிக் காட்டிவிடுவதாகப் பயண ஏற்பாட்டாளர் சொல்கிறார். அது போதுமா? நடந்து பார்ப்பதென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?
— வாசகர், ஈரோடு

பதில்: வேன் கோட்டை வாசல் வரை வரட்டும், அதற்குமேல் அதற்கு அங்கே வேலை இல்லை. மதிலின் மேலேயே ஏறி, ஊரை ஒரு பக்கமும் கடலை மறுபக்கமும் வைத்துக்கொண்டு நடக்கக்கூடிய இடம் அது. மதில்மேல் நடக்கக் கட்டணமும் கிடையாது.

பெரும்பாலானவர்கள் நேராகக் கலங்கரை விளக்கத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அதற்கு நேர்மாறாக, நிலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கடலோரக் கோட்டை என்றதும் கடலிலிருந்து வரும் பகைவனுக்காகக் கட்டியது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் காலியில் உயரமும் கனமும் கூடிய கொத்தளங்கள் மூன்றும் (சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்பவை அவற்றின் பெயர்கள்) நிலத்தைப் பார்த்தே நிற்கின்றன. கடற்பக்கத்தில் கப்பல்களை நெருங்கவிடாத பாறைகள் இருப்பதால், அங்கே மதில் அவ்வளவு ஓங்கவில்லை. போர்த்துகீசியர் 1588-இல் இங்கே எழுப்பிய அரணை, 1640-இல் வில்லெம் கோஸ்டர் தலைமையில் வந்த டச்சுப் படை அருகிலுள்ள கரையில் இறங்கி, நிலவழியாகத் தாக்கியே கைப்பற்றியது. தாங்கள் நுழைந்த வழியை அடுத்தவர் பயன்படுத்திவிடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். 1663 முதல் அவர்கள் விரிவாக்கிக் கட்டிய கோட்டையின் அமைப்பைப் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. கொத்தளங்கள் மொத்தம் 14.

மாலை நான்கு மணிவாக்கில் சந்திரன் கொத்தளத்தருகே, 1883-இல் எழுந்த மணிக்கூண்டின் பக்கம் ஏறி, மேற்கு மதில் வழியாகத் தெற்கே நடந்தால், பொழுது சாயும் நேரத்தில் கொடிப்பாறைக் கொத்தளத்தை அடைந்துவிடலாம். கிழக்குப் பகுதியையும் தெருக்களையும் மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். அதற்காக ஓர் இரவு அங்கே தங்க வேண்டியிருக்கும்; இரண்டு மணி நேரத் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் பழைய வாசலைத் தவறவிடாதீர்கள். அதன் வெளிப்புறத்தில் பிரிட்டிஷ் அரச இலச்சினை இருக்கிறது. உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், இரு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு ஆகியவை தெரியும். வாசலே பழைய பண்டகசாலைக் கட்டடத்தின் ஊடாகச் செல்வதால், இந்த ஊர் வணிகத்துக்காகவே உண்டானது என்பதை யாரும் விளக்காமலே புரிந்துகொள்ளலாம். 1755-இல் கட்டி முடிக்கப்பட்ட டச்சுத் தேவாலயத்தின் தரையில் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் செதுக்கிய எழுத்துகளையும் மண்டையோட்டு உருவங்களையும் பார்க்கக் கொஞ்சம் பொறுமையுடன் செல்லுங்கள்.

கேள்வி: நானூறு ஆண்டுகளாகப் பலர் கையில் மாறிய ஊர் எப்படி இடிக்கப்படாமல் தப்பியது?
— வாசகி, தாராபுரம்

பதில்: பிழைப்புப் போனதால்தான் தப்பியது என்பது என் கருத்து. 1796-இல் பிரிட்டிஷார் வசம் வந்த பிறகும் காலி பெரிய துறைமுகமாகவே இருந்தது. கப்பல்களுக்கு ஆபத்தான பாறைகள் நிறைந்த அத்துறைமுகத்துக்கு மாற்றாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்டதும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. இடித்துப் புதிதாகக் கட்டும் பணமும் அவசரமும் காலியில் குறைந்தன. 1988-இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக அறிவித்தது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் வெளியே பேருந்து நிலையமும் கடைவீதியும் சிதைந்தபோது, மதிலுக்குள் இருந்த ஊர் பெருமளவு காப்பாற்றப்பட்டது.

கேள்வி: கட்டடப் பொறியாளராக இருக்கிறேன். கோட்டைக்குள் பொறியியல் நோக்கில் பார்க்கத்தக்கது ஏதும் உண்டா?
— வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: உண்டு, ஆனால் அது தரைக்கு அடியில் இருக்கிறது. கடல் ஏற்றத்தின்போது நீர் உள்ளே புகுந்து கழுவிச் செல்லும் வகையில் தெருக்களின் கீழே கழிவுநீர்க் கால்வாய்களை டச்சுக்காரர்கள் அமைத்தார்கள். அதற்கு நீர் இறைக்கும் நிலையம் டிரைட்டன் கொத்தளத்தில் இருந்தது. அதை இயக்கியது ஒரு காற்றாலை. காற்றாலைகளுக்கு நடுவே வாழும் உடுமலைக்காரரான உங்களுக்கு அந்த மேற்குக் காற்றின் பயனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று ஆலை இல்லை, கொத்தளம் இருக்கிறது. மதிலின் கல்லையும் கவனியுங்கள்: கருங்கல்லோடு பவளப்பாறைத் துண்டுகளும் சேர்ந்திருக்கும், அருகில் சென்று பார்த்தால் பவளத்தின் வரிகள் தெரியும்.

கேள்வி: எங்கள் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, சைவம் மட்டுமே உண்பார். அவரால் நடக்க முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அங்கே தமிழ் பேசினால் புரியுமா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக, ஏற்றமின்றிச் சமதளமாக இருப்பதால் அமுச்சி தாராளமாக நடக்கலாம். சங்ககிரி மலைக்கோட்டை போல மூச்சு வாங்க ஏற வேண்டியதில்லை. ஆனால் மதிலின் மேல் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது, கீழே பாறை. சிறுவர்களைக் கையிலிருந்து விடாதீர்கள், அமுச்சியை உட்புற ஓரமாகவே அழைத்துச் செல்லுங்கள். நம் பகுதியின் உலர்ந்த காற்றுக்குப் பழகியவர்களுக்கு அங்குள்ள புழுக்கம்தான் உண்மையான சிரமம். பதினொரு மணிக்கு மேல் நான்கு மணி வரை நிழலில் இருப்பது நல்லது.

கோட்டைக்குள் வாழ்பவர்களில் முஸ்லிம்கள் கணிசமானோர். அவர்களுள் பலருக்குத் தமிழ் வீட்டுமொழி. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே தேவாலயம் போலத் தோன்றும் வெண்ணிறக் கட்டடம் அவர்களுடைய மீரான் பள்ளிவாசல். வழி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக் கடையில் ‘மரக்கறிச் சாப்பாடு’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்டாலும், தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது அங்கே வழக்கம் என்பதால், மாசி போடாததா என்று தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் உணவகங்களில் விலை அதிகம். வெளியே கடைவீதியில் குறைவு.

கேள்வி: கிரிக்கெட் மைதானம் கோட்டைக்கு அருகில்தானா?
— வாசகர், திருப்பூர்

பதில்: மதிலின் நேர் கீழேதான். 2010 ஜூலை 22 அன்று முத்தையா முரளிதரன், இந்தியாவுக்கு எதிரான தம் கடைசி டெஸ்டில், ஓஜாவை வீழ்த்தி 800-ஆவது விக்கெட்டை எடுத்த மைதானம் அது. நிலப்பக்கத்து மதிலில் நின்றால் ஆட்டம் முழுவதும் தெரியும்.

கேள்வி: கொழும்பிலிருந்து எப்படிச் செல்வது? அங்கே தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டென்று படித்தேன்.
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து கடலோரமாகவே ரயில் செல்கிறது, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும், போகும்போது வலப்பக்க இருக்கை பிடித்தால் கடல் தெரியும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அக்கரையில் கடல் கொந்தளிக்கும் என்பதால், தை, மாசி மாதங்களே உகந்தவை. நீங்கள் கயிற்றுத் தொழிலுக்குப் பேர்போன பொள்ளாச்சிக்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: கோட்டைக்குள் லேன் பான் தெரு இருக்குமிடம் ஒரு காலத்தில் கயிறு திரிக்கும் களமாக இருந்தது.

கல்வெட்டைத் தேடிக் காலியில் அலைய வேண்டாம். சீனத் தளபதி செங் ஹே நிறுத்திய, 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல், 1911-இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. தெனவரை என்பது காலிக்குக் கிழக்கே, தீவின் தென்கோடியில் இருக்கும் இன்றைய தெவிநுவர. ரயிலேறுவதற்கு முந்தைய நாளே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுவது வசதி.