பெட்டிங் மெயில்: அந்த அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைத் தொடாதீர்கள்

கேள்வி: ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து என் ஜிமெயிலுக்குத் தினமும் பதினைந்து, இருபது பெட்டிங் விளம்பரங்கள் வருகின்றன. சிலவற்றில் என் பெயரே இருக்கிறது. நான் எந்தத் தளத்திலும் சேர்ந்ததில்லை. மெயிலின் அடியில் இருந்த அன்சப்ஸ்கிரைப் (இனி அனுப்ப வேண்டாம்) லிங்க்கை அழுத்திப் பார்த்தேன். குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது. பிளஸ் டூ படிக்கும் மகன் பாட நோட்ஸ் பார்ப்பதும் என் போனில்தான். என்ன செய்வது? – வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அந்த லிங்க்கை அழுத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். மெயில் கூடியதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இந்த ஆட்கள் லட்சக்கணக்கான முகவரிகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறார்கள். எந்த முகவரியில் ஆள் இருக்கிறார், எது செத்துப்போன முகவரி என்பது அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் லிங்க்கை அழுத்தியதும் ‘இங்கே ஆள் இருக்கிறார்’ என்று தெரிந்துவிடுகிறது. நீங்கள் தெரிந்தே சேர்ந்த துணிக்கடை, வங்கி, செய்தி நிறுவனம் அனுப்பும் மெயில் என்றால் அன்சப்ஸ்கிரைப் தாராளமாகச் செய்யலாம். முன்பின் தெரியாதவர்களிடம் அது வேண்டாம்.

உங்கள் பெயர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று பயப்பட வேண்டாம். தீவுத்திடல் பொருட்காட்சியில் நிரப்பிய குலுக்கல் சீட்டு, ஏதோ ஒரு ஆப், என்றைக்கோ தகவல் கசிந்த ஒரு ஷாப்பிங் தளம் என்று எங்கிருந்தும் போயிருக்கலாம். பெயர் தெரிந்ததால் மட்டும் உங்கள் மெயிலுக்குள் யாரும் புகுந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் மெயிலுக்கும் ஷாப்பிங் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனையும் போட்டுவிடுங்கள்.

சரி, வருகிறதை எப்படி நிறுத்துவது? மெயிலைத் திறக்காமல், பட்டியலிலேயே விரலை அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள மூன்று புள்ளியில் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ கொடுங்கள். ‘ரிப்போர்ட் ஸ்பேம் அண்ட் அன்சப்ஸ்கிரைப்’ என்றும் சில சமயம் கேட்கும்; அது வேண்டாம், முதலாவது போதும். வெறுமனே டிலீட் செய்தால் ஜிமெயில் எதையும் கற்றுக்கொள்ளாது. ஸ்பேம் என்று தொடர்ந்து சொல்லச் சொல்ல, அதே மாதிரி வருபவற்றை அதுவே ஓரங்கட்டத் தொடங்கும். ஸ்பேமில் கிடப்பவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். ‘பிளாக்’ கொடுப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அது ஒரு முகவரியைத்தான் தடுக்கும். இவர்கள் நாளுக்கு ஒரு முகவரியிலிருந்து அனுப்புகிறவர்கள்.

அதையும் மீறி வருபவற்றுக்கு ஃபில்டர் போடுங்கள். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். ஜிமெயிலின் தேடல் பெட்டி ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, ‘பெட்டிங்’, ‘கேசினோ’, ‘ஜாக்பாட்’ போன்ற சொற்களை மெயிலில் வருகிறபடி ஆங்கிலத்தில் கொடுத்து, ‘கிரியேட் ஃபில்டர்’ அழுத்துங்கள். எடுத்த எடுப்பில் அழிக்கச் சொல்லாதீர்கள். இன்பாக்ஸுக்கு வராமல் தனி லேபிளுக்குப் போகச் சொல்லிவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள். முக்கியமாக, ‘போனஸ்’ என்ற சொல்லைச் சேர்க்கவே கூடாது. தீபாவளி போனஸ் பற்றி ஆபீஸ் அனுப்பும் மெயிலும் அதில் மாட்டிக்கொள்ளும்.

செட்டிங்ஸில் ‘இமேஜஸ்’ பகுதிக்குப் போய், படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி மாற்றுங்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிப் படத்தை மெயிலில் வைத்து, நீங்கள் திறந்தீர்களா என்று பார்ப்பது இவர்களின் பழைய வழி.

‘உங்கள் கணக்கு தயார், உறுதி செய்யுங்கள்’ என்று வந்தால் எதையும் அழுத்தாதீர்கள். யாரோ உங்கள் முகவரியைக் கொடுத்துச் சேர முயன்றிருக்கலாம், வலையாகவும் இருக்கலாம்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விளம்பரத்தையும் தடுக்கிறது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டத்தில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கு விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பதால், புகார் கொடுத்த மறுநாளே மெயில் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் யாராவது பணம் கட்டி ஏமாந்திருந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த முடியும். எஸ்.எம்.எஸ். விளம்பரங்களுக்கு 1909-இல் டி.என்.டி. (விளம்பரம் வேண்டாம் என்ற) பதிவு செய்யலாம், மெயிலுக்கு அது பொருந்தாது.

மகனுக்குத் தனியாக ஒரு மெயில் கணக்கு தொடங்கி, நோட்ஸ் அதில் வரும்படி செய்யுங்கள். அப்புறம், அவனிடம் இதை மறைக்காதீர்கள். உங்கள் இன்பாக்ஸையே காட்டி, ‘முதலில் இலவசமாகக் கொடுப்பது ஏன் தெரியுமா?’ என்று கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். அவன் ஏற்கெனவே விளையாடியிருப்பது தெரிய வந்தால் திட்டித் துரத்த வேண்டாம். பணத்தைத் தொலைத்த பிள்ளை வீட்டில் சொல்லப் பயப்படும் நேரம்தான் மிக ஆபத்தானது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கிடைக்கும். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே அழைக்கலாம்.