இடுப்பு முறிவு கூடவில்லையா? எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்

வயது 29. பைக் விபத்தில் தொடை எலும்பின் கழுத்து முறிந்து மூன்று ஸ்க்ரூ போட்டார்கள். ஏழு மாதமாகியும் கூடவில்லை. நான் ஏதாவது தப்பு செய்தேனா?

அப்படி நினைக்க வேண்டாம், அந்த இடமே வம்பு பிடித்தது. முறிவைக் கூட்டும் எலும்பின் வெளியுறை கழுத்துப் பகுதியில் ஏறக்குறைய கிடையாது. தொடை எலும்பின் உச்சியில் உள்ள பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களும் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. முறியும்போது அவையும் அறுபடலாம். தவிர, இளவயதில் பலத்த அடியில் முறிவதால் கோடு பெரும்பாலும் செங்குத்தாக விழும். உடல் எடை இறங்கும்போதெல்லாம் துண்டுகள் அழுந்தாமல் வழுக்கும். 1935இல் பாவெல்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்தக் கோணத்தை வைத்துத்தான் முறிவுகளை மூன்றாகப் பிரித்தார். கோடு 50 டிகிரிக்கு மேல் நின்றால் மூன்றாம் வகை, அதிகம் வழுக்கும் வகை.

அப்படியானால் மூட்டு மாற்றுதானா?

29 வயதில் அவ்வளவு அவசரம் வேண்டாம். செயற்கை மூட்டு தேயும். வாழ்நாளில் மறுபடி மாற்ற வேண்டி வரலாம். பந்து நல்ல வடிவில் இருந்தால் நான் முதலில் யோசிப்பது வால்கஸ் ஆஸ்டியாட்டமி. கழுத்துக்குக் கீழே ஆப்பு வடிவில் எலும்பை வெட்டியெடுத்து, கோணத்தைத் திருப்பி, பிளேட் வைத்து நிறுத்துவோம். நின்றிருந்த முறிவுக் கோடு சற்றுப் படுத்துவிடும். துண்டுகளை வழுக்கவைத்த அதே எடை இப்போது அவற்றை அழுத்திச் சேர்க்கும். முறிந்த இடத்தைப் பெரும்பாலும் திறக்கக்கூட வேண்டாம்! குட்டையான காலும் கொஞ்சம் நீளும்.

எனக்குத் தொடை எலும்பின் கழுத்தே கரைந்துவிட்டதாம்.

அப்போது கோணத்தை மட்டும் மாற்றினால் போதாமல் போகலாம். கீழ்க்காலின் மெல்லிய வெளி எலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் செருகுவதுண்டு, சில சமயம் ரத்தக் குழாயோடு சேர்த்தே.

பந்தில் ரத்த ஓட்டம் குறைவு என்று ஸ்கேன் சொல்கிறது. எல்லாம் முடிந்ததா?

இல்லை. பந்து அமுங்காமல் உருண்டையாக இருந்தால் காப்பாற்ற முயலலாம். அமுங்கி, பந்து உட்காரும் இடுப்புக் கிண்ணமும் தேய்ந்திருந்தால் எந்த வயதானாலும் மூட்டு மாற்றுதான் நல்லது.

சிகரெட்?

இன்றே விடுங்கள்.

மறு அறுவைக்கு முன் என்ன பரிசோதனைகள் கேட்க வேண்டும்?

உண்மையிலேயே கூடவில்லையா என்று பார்க்க சி.டி. ஸ்கேன். அப்புறம், கிருமி ஒளிந்திருக்கிறதா என்று அறிய சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனைகள். முன்பே அறுவை நடந்த இடத்தில் இதைத் தவறவிடக் கூடாது. வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள்.

ஆஸ்டியாட்டமி முடிந்து எப்போது காலை ஊன்றலாம்?

முதல் சில வாரங்கள் ஊன்றுகோலோடு, பாதத்தை லேசாகத் தரையில் பதித்தால் போதும். முழு எடை வைக்க மூன்று மாதம்கூட ஆகலாம். தேதியை எக்ஸ்ரேதான் சொல்லும், வலி குறைந்திருப்பதை வைத்து நீங்களே முடிவெடுக்காதீர்கள்.