சபைக் கேள்வி-பதில்: கூட்டம் கலைந்த பிறகு போங்கள்

கேள்வி: எங்கள் சபையில் ஓர் அக்காவின் கணவர் போன மாதம் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போனேன். மறுபடி போய்ப் பார்க்க ஆசை. என்ன பேசுவதென்று தெரியாமல் தள்ளிப்போடுகிறேன்.
– வாசகி, சாயர்புரம்

பதில்: இந்த வாரமே போங்கள். அடக்க ஆராதனைக்கு வீடு கொள்ளாத கூட்டம் வரும். சொந்தக்காரர்கள் ஊர் திரும்பி, பந்தலும் நாற்காலிகளும் போன பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகும். அந்த அக்காவுக்கு ஆள் தேவைப்படுவது இப்போதுதான்.

பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லப் போனதும்தான் எல்லாம் கெட்டது. நீங்களும் காரணம் சொல்லாதீர்கள். "ஆண்டவருக்கு அவர் தேவைப்பட்டார்", "எல்லாம் நன்மைக்குத்தான்", "விசுவாசி அழக்கூடாது" – இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். இறந்துபோன நண்பர் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

இறந்தவரைப் பற்றிப் பேச்செடுக்க எல்லோரும் பயப்படுவார்கள். நீங்கள் பயப்படாதீர்கள். "அண்ணன் எப்பவும் எங்க உட்காருவாங்க அக்கா?" என்று கேட்டால் போதும், அவர்களே பேசுவார்கள். இடையில் மௌனம் வந்தால் வரட்டும். அதை நிரப்ப வேண்டாம்.

முன்கூட்டியே போன் செய்து, இரண்டு பேராகப் போங்கள். ஐந்தாறு பேர் போனால் அந்த அக்கா காப்பி போட அடுப்படிக்குள் போய்விடுவார்கள். மாலை ஐந்து மணி நல்ல நேரம், அரைமணி நேரம் போதும். கேட்டால் 121-ஆம் சங்கீதம் வாசியுங்கள், எட்டே வசனம். ஜெபம் இரண்டு நிமிடம். ஜெபத்துக்குள் பிரசங்கம் வேண்டாம்.

கிளம்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இறப்புச் சான்றிதழ் வாங்கியாச்சா அக்கா?" 21 நாளுக்குள் பதிந்திருந்தால் தாமதக் கட்டணம் இல்லை. தாண்டினால் கட்டணம் உண்டு. ஒரு மாதம் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதியும் வேண்டும். வங்கி, இன்சூரன்ஸ், குடும்ப ஓய்வூதியம், ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள், ஐந்தாறு பிரதி எடுத்து வைப்பது நல்லது. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு யாராவது கூடப் போக வேண்டும். கவுண்டரில் தனியாக நின்று கணவர் பெயருக்கு முன்னால் "இறந்த" என்று எழுதுவது சாதாரணக் காரியம் அல்ல. அந்த நேரம் பக்கத்தில் நில்லுங்கள். ஆதிச் சபையில் இருந்த பர்னபாவுக்கு அப்போஸ்தலர்கள் வைத்த பெயருக்கு ஆறுதலின் மகன் என்று அர்த்தம். அவர் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து வைத்தவர். முன்பு சபையைத் துன்பப்படுத்திய சவுலை (பின்னாளில் பவுல்), அவருக்குப் பயந்து ஒதுங்கிய சீஷர்களிடம் அழைத்துப் போய் அவருக்காகப் பேசியவர். ஆறுதலுக்குக் கையும் காலும் உண்டு.

கல்யாண நாளையும் வரப்போகிற முதல் கிறிஸ்துமஸையும் உங்கள் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கேள்வி: வேலை போன ஒரு தம்பி மூன்று மாதமாகக் கோயிலுக்கு வருவதில்லை. எப்படி அழைப்பது?
– வாசகர், நாசரேத்

பதில்: "ஏன் வரலை?" என்று கேட்டால் "உடம்பு சரியில்லை" என்றுதான் பதில் வரும். பல நேரம் உண்மைக் காரணம் காணிக்கைப் பையும் பாக்கி நிற்கும் சங்கக் காணிக்கையும் (சபையார் கட்டும் சந்தா)தான். சபை ஊழியரிடம் தனியாகச் சொல்லி, யாரும் அவரிடம் பாக்கி கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஞாயிறு காலை, "நான் அந்தப் பக்கம்தான் வாறேன், சேர்ந்து போவோம்" என்று வண்டியோடு நில்லுங்கள். மறுத்தால் கோபப்படாமல் அடுத்த வாரமும் போங்கள்.

"வாழவே பிடிக்கலைண்ணே" என்று சொன்னால் அதை அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளாதீர்கள். தீர்க்கதரிசி எலியாவும் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்று கேட்டார். தேவதூதன் கண்டிக்கவில்லை, தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பப் படுத்தார். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடக்க அந்தச் சாப்பாடு பலம் கொடுத்தது. அந்தத் தம்பி சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பாருங்கள். தனியாக விடாதீர்கள். 14416-க்குப் போன் செய்தால் மனநல ஆலோசகர் தமிழில் பேசுவார். பக்கத்தில் இருந்து நீங்களே போட்டுக் கொடுங்கள். மருத்துவரிடம் போவதும் விசுவாசத்துக்கு விரோதமல்ல.

கேள்வி: ஒரு சகோதரியின் கர்ப்பப்பை ஆபரேஷனை ஜெபக்குழு வாட்ஸப்பில் ஜெபக் குறிப்பாகப் போட்டேன். என்னோடு பேசவே மாட்டேன் என்கிறார்.
– வாசகி, மதுரை

பதில்: அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பெயர் சொல்லலாமா, நோயைச் சொல்லலாமா, எந்தக் குழுவில் சொல்லலாம் – இம்மூன்றையும் கேட்காமல் ஒரு வரிகூடப் போடக்கூடாது. "ஒரு சகோதரிக்கு வெள்ளிக்கிழமை சிகிச்சை" என்று எழுதினாலே ஜெபிக்கப் போதும். ஆண்டவருக்கு விலாசம் தேவையில்லை. நேரில் போய், "கேட்காமப் போட்டது தப்பு, மன்னிச்சிருங்க" என்று சொல்லுங்கள். "ஜெபத்துக்காகத்தானே போட்டேன்" என்று ஒரு வால் சேர்த்தால் மன்னிப்பு வீணாகிவிடும். அதே குழுவில் யாரும் அவரிடம் விசாரிக்க வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள்.