கைட்போர்டிங் பட்டத்தில் காற்று மெல்ல இறங்கினால் ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பலகையில் நிற்பவரைத் தண்ணீர்மேல் இழுத்துச் செல்லும் பட்டம் இது; சில்வர் பீச்சில் காலையில் இறுக்கமாகக் காற்று அடித்தது மதியத்துக்குள் தொளதொளத்துப் போகிறது என்கிறீர்கள். உடனே துணி உறைக்குள் இருக்கும் காற்று டியூபை உருவாதீர்கள். காற்றடைத்த முன்விளிம்பையும் அதிலிருந்து குறுக்கே பின்னோக்கிப் போகும் காற்றுத் தண்டுகளான ஸ்ட்ரட்டுகளையும் இணைக்கும் குழாய்களின் கிளிப்புகளை அடைத்து, ராத்திரி வீட்டுக்குள் வையுங்கள். காலையில் எது தளர்ந்திருக்கிறதோ, கசிவு அங்கேதான். (வெயிலில் அடித்த காற்று குளிர்ந்தாலே அழுத்தம் கொஞ்சம் இறங்கும், அது ஓட்டை இல்லை.)

அப்புறம் சோப்புத் தண்ணீர். வால்வின் ஓரத்திலும் குழாய் மாட்டும் இடத்திலும் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே ஊசிமுனை அளவில் நுரை கொப்புளித்துக்கொண்டே இருக்கும். வால்வின் நாக்கில் ஒரு மணல் துகள் சிக்கினாலே போதும், காற்று நிற்காது. நல்ல தண்ணீரில் அலசினால் சரி.

டியூபே ஓட்டை என்றால்தான் உருவ வேண்டும். முனைகளில் நூல் கட்டிவிட்டு உருவுங்கள், திரும்ப இழுத்து நுழைக்க அதுதான் உதவும். உறையில்லாத டியூபில் காற்றைக் கொஞ்சமாகவே அடியுங்கள், அதிகமானால் இழுபட்டுவிடும். தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, காயவைத்து, ஆல்கஹாலால் துடைத்து ஒட்டுங்கள். சைக்கிள் கடை சொல்யூஷன் ரப்பருக்கானது. டிபியு என்ற பிளாஸ்டிக்கால் ஆன இந்த டியூபில் பிடிக்காது, அதற்கென்று விற்கும் ஒட்டுத்துண்டையே வாங்குங்கள்.