எழுவாய் எங்கே?

அன்புள்ள ஐயாவுக்கு,

கொழும்பில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நிறுவனங்கள் சிக்கலில் மாட்டும்போது அவற்றுக்காக ஊடகங்களிடம் பேசும் பிரிவுக்கு என்னை மாற்றப்போகிறார்கள். சம்பளம் கூடும். அப்பாவோ, "பொய் சொல்லிச் சம்பாதிக்கும் வேலை" என்கிறார். பயிற்சியில் 1982ஆம் ஆண்டின் டைலனோல் மாத்திரை விவகாரத்தைப் படித்தபோது நல்ல தொழில் என்றே பட்டது. இதற்கென டிப்ளோமா படிக்கவா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே செய்யலாமா?

மானிப்பாய் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது பத்திரிகையில் "விபத்து இடம்பெற்றுள்ளது" என்ற வரியின் கீழ் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

டிப்ளோமா உங்கள் வசதி. எங்கிருந்து வேலை செய்வது என்பதை மேலாளரிடம் கேளுங்கள். டைலனோலை எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். சிக்காகோப் பகுதியில் ஏழு பேர் சயனைட் கலந்த மாத்திரையால் இறந்தார்கள். நிறுவனம் 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களைத் திரும்பப் பெற்றது. நல்ல காரியம். ஆனால் நஞ்சு தொழிற்சாலைக்கு வெளியே கலக்கப்பட்டது என்றே விசாரித்தவர்கள் கருதினார்கள். பிழை சொந்தக் கையால் நடந்திருக்கும்போது என்ன எழுதுவீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அப்பா சொல்வதில் பாதி உண்மை. 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிற்றியில் ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ஐவி லீ என்பவர் மூடி மறைக்காமல் செய்தியாளர்களைச் சம்பவ இடத்துக்கே அழைத்துப்போக வைத்தார். உங்கள் தொழில் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். அதே லீ, 1914இல் லட்லோ சுரங்கத் தொழிலாளர்களின் மனைவிமாரும் குழந்தைகளும் இறந்த பிறகு, சுரங்க முதலாளி ரொக்கபெல்லர் தரப்புக்காகப் பொய்த் தகவல்கள் கலந்த துண்டறிக்கைகளை எழுதினார். ஒரே பேனாதான்.

என் கோபம் இலக்கணத்தின் மேல். "வந்தேன்" என்றால் "நான்" என்பது வினைமுற்றிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைத் தோன்றா எழுவாய் என்று படித்தோம். தமிழில் ஆளை மறைப்பது கடினம், விகுதி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மறைக்க நினைப்பவர்கள் எழுவாயையே மாற்றினார்கள். "தவறு இடம்பெற்றுள்ளது." யார் இடம்பெற்றது? தவறு! குற்றம் செய்தவரின் நாற்காலியில் குற்றமே உட்கார்ந்துவிட்டது. சுன்னாகத்துக் கிணறுகளைப் பற்றி நாமும் "தண்ணீரில் எண்ணெய் கலந்துள்ளது" என்றுதானே பேசித் திரிந்தோம்? எண்ணெய் தானாக நடந்து கிணற்றுக்குள் இறங்குவதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் அங்கே மின் நிலையம் நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னபோதுதான் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்தது. "தாமதம் ஏற்பட்டது", "உயிரிழப்பு நேர்ந்தது", "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதிப் பழகாதீர்கள். பழகினால் வீட்டிலும் அப்படித்தான் பேசுவீர்கள். "நாங்கள் செய்தோம்" என்று எழுதினால் வழக்கில் மாட்டுவோம் என்று சட்டத்தரணி வெட்டுவார். அவர் மேசையில் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லுக்காகச் சண்டை பிடியுங்கள். பிடிக்க மாட்டீர்களென்றால் அந்தப் பிரிவுக்குப் போகவே வேண்டாம்.

என் அக்கா உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுத இருந்தார். அவர் படித்த ரியூட்டரி விண்ணப்பங்களைச் சேர்த்து அனுப்புவதாகச் சொல்லி வாங்கியது, அனுப்பவில்லை. "விண்ணப்பங்களை அனுப்புவதில் தாமதம் ஏற்பட்டுள்ளது" என்று பலகையில் ஒரு தாள். ஒரு வருடம் போனது. தாள் ஒட்டிய அன்று பின்னேரம் அங்கே வேலை செய்த எழுதுவினைஞர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு முற்றத்தில் வந்து நின்றார். "பிள்ளை, நான்தான் லாச்சிக்குள் வைத்து மறந்துபோனேன்" என்றார். எங்கள் ஐயா பேசாத பேச்சில்லை. அக்கா அழுதார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். அவர் உட்காராமலே குடித்தார்.

அடுத்த வருடம் விண்ணப்பத்தை அவரே தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போட்டார். மழையில் நனைந்துகொண்டு வந்து, பற்றுச்சீட்டை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.