வாட் காட்டும் சைக்கிள் ட்ரெயினர் வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வீட்டுக்குள்ளேயே சைக்கிள் ஓட்ட, டயரை உருளையில் அழுத்தி ஓட்டும் ட்ரெயினர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதுவும் வாட் காட்டுகிறதே, பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் டைரக்ட் டிரைவ்தான் வாங்கணுமா?

பதில்: காட்டும் தம்பி, ஆனால் நம்பலாமா என்பதுதான் கேள்வி. டயர் உருளையில் நசுங்கும்போதே கொஞ்சம் சக்தி சூடாகி வீணாகிவிடும். எவ்வளவு வீணாகும் என்பது டயரில் உள்ள காற்று, உருளையை டயரில் அழுத்தும் குமிழை நீங்கள் இறுக்கிய அளவு, டயர் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். டேக்ஸ் ஃப்ளோ என்ற உருளை ட்ரெயினருக்குத் தயாரிப்பாளரே 5 சதவீதம் முன்பின் என்கிறார்கள். அதாவது 200 வாட் என்று காட்டினால் நிஜம் 190 ஆகவும் இருக்கலாம், 210 ஆகவும் இருக்கலாம். டைரக்ட் டிரைவில் டயர் என்ற பேச்சே இல்லை. அந்த வகையில் வாஹூ கிக்கர் கோருக்கு 2 சதவீதம், டேக்ஸ் நியோ 2டி-க்கு 1 சதவீதம் என்று கணக்கு. மழை நாளில் சும்மா கால் அசைந்தால் போதும் என்றால் உருளையே போதும். திட்டம் போட்டு வாட் பார்த்துப் பயிற்சி செய்வதானால் டைரக்ட் டிரைவ் வாங்குங்கள்.

கேள்வி: அந்த 1 சதவீதத்துக்காக அவ்வளவு பணம் கொட்டலாமா சார்?

பதில்: என்னைக் கேட்டால், வேண்டாம். 200 வாட்டில் 2-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம் 2 வாட்தான். ஒரு ராத்திரி சரியாகத் தூங்காவிட்டால் அதைவிட அதிகம் குறையும்! ட்ரெயினர் தினமும் ஒரே மாதிரி காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். எப்போதும் 10 வாட் கூட்டிக் காட்டினால் உங்கள் எஃப்டிபியும் (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட்) அதே கணக்கில்தான் வரும், பயிற்சி கெடாது. அதிக விலைக்குக் கிடைப்பது செங்குத்தான ஏற்றத்தில் மிதிப்பது போன்ற இறுக்கமும் நிஜச் சாலை போன்ற ஓட்டமும்தான். ஆன்லைன் பந்தயத்தில் நிற்பவர்கள் விஷயம் வேறு.

கேள்வி: பெடல் மாட்டும் கிராங்கில் வாட் அளக்கும் என் பவர் மீட்டர் 215 என்கிறது, ட்ரெயினர் 205 என்கிறது. எது பொய்?

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கிராங்கில் அளப்பது சங்கிலிக்கு முன்னால், ட்ரெயினர் அளப்பது சங்கிலி தின்றது போக மிச்சம். அதனால் சில வாட் குறைவது இயல்பு. 10 கொஞ்சம் அதிகம்தான். உங்களுடையது இடது பக்கம் மட்டும் அளக்கும் மீட்டரா? அது இடது காலை அப்படியே இரண்டால் பெருக்கிவிடும், வலது கால் சோம்பேறியாக இருந்தால் கணக்கு ஏறும். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு ட்ரெயினரில் ஸ்பின்டவுன் (வேகமாகச் சுழற்றிவிட்டுத் தானாக நிற்கவிட்டு அளவைச் சரிசெய்வது) செய்யுங்கள், மீட்டரையும் பூஜ்யம் செய்துவிடுங்கள். அப்புறமும் இடித்தால், வெளியிலும் வீட்டிலும் மீட்டரை மட்டும் பாருங்கள்.

கேள்வி: எர்க் மோடில் (எப்படி மிதித்தாலும் ட்ரெயினர் வாட்டை ஒரே அளவில் பிடித்து வைப்பது) பாதியில் கால் பூட்டிக்கொள்கிறது. ட்ரெயினர் கோளாறா?

பதில்: இல்லை. வாட் என்பது முறுக்கு விசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. 200 வாட்டுக்கு நிமிடத்துக்கு 90 சுற்றில் கிராங்கில் சுமார் 21 நியூட்டன் மீட்டர் போதும், 60 சுற்றுக்கு இறங்கினால் 32 வேண்டும். நீங்கள் களைத்து மெதுவாக்க, ட்ரெயினர் இன்னும் இறுக்கும், நீங்கள் இன்னும் மெதுவாவீர்கள். கடினமான பகுதி தொடங்கப் பத்து வினாடி முன்பே கேடன்ஸை, அதாவது மிதிக்கும் சுற்று வேகத்தை, ஏற்றிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் நிறுத்திவிட்டு, சுழற்சி வந்த பிறகு மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் கியர் போட்ட 12 ஸ்பீடு ரோடு பைக். எல்லாவற்றிலும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. பின் பல்சக்கரக் கட்டை (கேசட்) மாட்டும் எக்ஸ்டிஆர் (XDR) பாடி தனியாக வாங்க வேண்டியிருக்கலாம், விலையோடு சேர்த்துக் கேளுங்கள். த்ரூ ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவே ஊடுருவிப் போகும் தடித்த அச்சு) அடாப்டரும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கரண்ட் போனால்?

பதில்: பெரும்பாலான டைரக்ட் டிரைவ் ட்ரெயினர்களுக்கு மின்சாரம் வேண்டும். நியோ 2டி தனக்கு வேண்டியதை நீங்கள் மிதிப்பதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஃபேன் நின்றுவிடுமே, அந்தப் புழுக்கத்தில் எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்?