பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள், எல்லோருக்கும் ஐ.டி. வேலை. ஒரு சனிக்கிழமை முழுக்கப் பையோடு 20 கிலோமீட்டர் நடந்து, ராத்திரி டென்ட் போட்டுத் தங்க ஆசை. சென்னைக்குப் பக்கத்தில் எங்கே போகலாம்? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே! ஜனவரி என்றால் சரி. மே என்றால் மொட்டை மாடியில் டென்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

பூண்டி பக்கம் குடியம் குகைப் பாதை இருக்கிறது. வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியும் வருவார். ஆனால் அது பகல் நடை. அனுமதி வாங்காமல் காட்டுக்குள் நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் இறந்ததை மறந்துவிட முடியாது.

ராத்திரி தங்க என் ஓட்டு மாந்தோப்புக்குத்தான். தெரிந்தவர் மூலமாகத் தோப்புக்காரரிடம் முன்னாடியே பேசி வையுங்கள். பம்ப்செட் இருக்கிற தோப்பாகப் பாருங்கள். குளியலும் ஆயிற்று, பாத்திரமும் கழுவியாயிற்று. ஆற்று மணல் அழகாகத்தான் இருக்கும், அங்கே படுக்காதீர்கள். பூண்டியில் மதகைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் தண்ணீர் வந்துவிடும்.

டென்ட் விரிக்கும் முன் அந்த இடத்தைத் துடைப்பத்தால் ஒரு முறை பெருக்குங்கள். சிரிக்காதீர்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பையே துளைத்துக்கொண்டு ஏறும், டென்டின் அடித்துணி அதற்கு எம்மாத்திரம்? பனிக்குப் பயந்து ஜன்னலை முழுக்க மூடிவிட்டால், நாம் விடும் மூச்சே விடிகாலையில் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும். கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.

பைக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆளுக்கு 3 லிட்டர் வேண்டும், அதனால் மற்றதில்தான் கை வைக்க வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. நான்கு பேருக்கு ஒரே பற்பசை போதும். தண்ணீர் பாட்டிலை முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள். மாட்டும்போது முதலில் இடுப்புப் பட்டை, அதை எலும்பின் மேல் இறுக்கிய பிறகுதான் தோள்பட்டை. தோள் வலித்தால் இடுப்புப் பட்டை நழுவியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் அடைத்த பையோடு வீட்டு மாடிப்படியை நாலு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். எதை எடுத்து வெளியே போடுவது என்று அப்போது தெரிந்துவிடும்.

இன்னொன்று. புதரில் இருக்கும் பொடிப் பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரும். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டு மேட்டில் தங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பில் கறுத்த பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

கேள்வி: கேம்பிங் போகும்போது சின்ன கேஸ் ஸ்டவ் கொண்டு போகலாமா? மழை வந்தால் டென்டுக்குள்ளேயே டீ போடலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: உள்ளே கூடவே கூடாது. தீ ஒரு பக்கம் இருக்கட்டும், கார்பன் மோனாக்ஸைடு வாசனைகூடக் காட்டாமல் ஆளை முடித்துவிடும். மின்சார ரயிலில் போவதாக இருந்தால் கேஸ் டப்பாவே கூடாது, ரயில்வே விதி. ஒரு ராத்திரிக்குப் புளியோதரையும் பிளாஸ்க் டீயும் போதாதா?